முதுமைக்கும் ஒரு திண்ணை வேண்டும்

(மூன்றாமாண்டு, இளங்கலை வரலாறு)

கறவை வற்றிய மாட்டுக்கும் சந்தையில் ஒரு விலை உண்டு. காய்ப்பு நின்ற மரத்துக்கும் விறகு என்ற வகையில் ஒரு மதிப்பு உண்டு. முதுமை எய்திய நாய்க்கு மட்டும் விலையும் இல்லை, மதிப்பும் இல்லை. அதனால்தான் போலும், 'கிழட்டு நாய்' என்பது நம் பேச்சில் ஒரு வசைச் சொல்லாகவே நிலைத்துவிட்டது. அந்த வசைக்கு ஆளான உயிருக்கு, அதிலும் கண் மங்கி, கால் விழுந்து, மருந்தும் கவனிப்பும் வேண்டி நிற்கும் உயிருக்கு, ஒரு வீடு தேடித் தர முடியுமா? முடியும் என்றால் வழி என்ன? இதுவே நான் எடுத்துக்கொண்ட பொருள். இது நகைப்புக்குரிய பொருளன்று என்பதை, படிக்கப் போகும் நண்பர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

நம் மாவட்டத்தின் பெயரை வெளியூரார்க்குச் சொல்லும் இடம் ஒகேனக்கல். கன்னடத்தில் 'ஹொகே' என்றால் புகை. பாறையில் விழும் நீர் புகையாய் எழுவதால் வந்த பெயர் அது. பரிசலும் எண்ணெய்க் குளியலும் மீன் வறுவலும் பயணிகளை அழைக்கின்றன. பயணிகள் போடும் மிச்சம் நாய்களை அழைக்கிறது. ஆடிப் பதினெட்டுக்கும் விடுமுறை நாட்களுக்கும் அவற்றுக்கு விருந்து. ஆனால் காவிரியில் வெள்ளம் பெருகி, குளிக்கவும் பரிசல் இயக்கவும் மாவட்ட நிர்வாகம் தடை விதித்துவிட்டால், கடைகள் காற்று வாங்கும். அப்பொழுது இளைய நாய் எங்கேனும் ஓடித் தின்னும். ஓட முடியாதது எது? முதிய நாய்தான். சுற்றுலாவை நம்பி வாழும் ஊரில் சுற்றுலா நின்றால் முதலில் பட்டினி கிடப்பது அதுவே.

அங்கே பேருந்து நிலையத்தை ஒட்டி அப்படிப்பட்ட பெண் நாய் ஒன்றைப் பலமுறை கண்டிருக்கிறேன். முகமெல்லாம் நரைத்துவிட்டது. ஒரு கண்ணில் வெண்படலம். பின்னங்கால் ஒன்று எப்பொழுதோ முறிந்து கோணலாகக் கூடியிருக்கிறது. ஊட்டமலையிலிருந்து வந்து மீன் வறுத்து விற்கும் ஓர் அம்மாள் அதற்கு நாள்தோறும் சோறு வைக்கிறார். "இதை வீட்டுக்கே கூட்டிக்கிட்டுப் போயிடலாமே அம்மா" என்று ஒரு நாள் கேட்டேன். அவர் சட்டியிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: "சோறு போட நான் இருக்கேன் தம்பி. ஊசி போட யாரு இருக்காங்க? எனக்கு ஒண்ணுன்னா அப்புறம் இதை யாரு பார்ப்பாங்க?"

அந்த இரண்டு கேள்விகளும் சாதாரணமானவை அல்ல. முதிய நாயை வீட்டில் சேர்க்கத் தயங்கும் எவரும் மனத்துக்குள் கேட்டுக்கொள்ளும் கேள்விகள் அவையே. நாயின்மேல் அன்பில்லாமல் மறுப்பவர் சிலர். அன்பிருந்தும் செலவுக்கும் பிற்காலத்துக்கும் அஞ்சி மறுப்பவரே பலர். இந்த வேறுபாட்டை நாம் உணர்ந்துவிட்டால் பாதி வழி கடந்தவர்களாவோம்.

இதை இப்பொழுது எழுத வேண்டிய அவசியம் என்ன என்று கேட்கலாம். 2025 ஆகஸ்டு 11 அன்று, தில்லி மற்றும் அதை அடுத்த நகரங்களின் தெருநாய்களைப் பிடித்துக் காப்பகங்களில் அடைக்குமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடெங்கும் எழுந்த விவாதத்துக்குப் பின், ஆகஸ்டு 22 அன்று மூவர் அமர்வு அதைத் திருத்தியது. கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம், வெறிநோய் கண்டவற்றையும் மூர்க்கமானவற்றையும் விடக் கூடாது, விரும்புவோர் தத்தெடுக்கலாம், அவ்வாறு எடுத்த நாய் மீண்டும் தெருவுக்கு வராமல் காப்பது எடுத்தவர் பொறுப்பு என்று அது கூறியது. அதே ஆண்டு நவம்பர் 7 அன்று பிறப்பித்த உத்தரவு நம் அருகிலேயே வந்து நின்றது. கல்வி நிலையங்கள், மருத்துவமனைகள், விளையாட்டரங்குகள், பேருந்து நிலையங்கள், இரயில் நிலையங்கள் ஆகியவற்றிலுள்ள நாய்களை அகற்றிக் காப்பகங்களில் சேர்க்க வேண்டும், மீண்டும் அதே இடத்தில் விடக் கூடாது என்பது அதன் சாரம்.

நாய்க்கடியின் கொடுமையை நான் குறைத்துப் பேச வரவில்லை. வெறிநோயின் அறிகுறி தோன்றிவிட்டால் உயிர் பிழைப்பது ஏறத்தாழ இல்லை. பள்ளிக் குழந்தையின் உயிர் எல்லாவற்றினும் பெரிது. ஆயினும், உத்தரவு நிறைவேறும்பொழுது காப்பகத்துக்குள் போகும் நாய்களில் இளையவை உண்டு, முதியவையும் உண்டு. இளையதைத் தேடிச் சிலர் வருவர். முதியதைத் தேடி யார் வருவர்?

காப்பகங்களை நான் பழிக்கவில்லை. இந்நாட்டில் விலங்கு நலத்துக்கு வழிகாட்டியதில் தமிழகத்துக்குப் பெரும் பங்கு உண்டு. நாட்டியக் கலைஞரும் மாநிலங்களவை உறுப்பினருமாயிருந்த ருக்மணி தேவி அருண்டேல் அம்மையார் கொண்டு வந்த தனிநபர் மசோதாவே 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்துக்கு வித்திட்டது. 1962இல் அமைந்த விலங்கு நல வாரியத்தின் முதல் தலைவரும் அவரே. நாய்களைக் கொல்வதற்கு மாற்றாகக் கருத்தடை என்ற வழியை 1964இலேயே முன்வைத்தது, கேப்டன் வி. சுந்தரம் அவர்கள் தோற்றுவித்த சென்னை 'ப்ளூ கிராஸ்' அமைப்பு. சென்னை மாநகராட்சி அவ்வழியை ஏற்க 1996 வரை ஆயிற்று. இன்று கருத்தடை விதிகள் நாடு முழுமைக்கும் உள்ளன. 2023இல் அவை புதுப்பிக்கப்பட்டன.

ஆனால் காப்பகம் என்பது ஒரு மருத்துவமனையைப் போன்றது. அங்கே உயிரைக் காக்கலாம். வாழ்நாளை அங்கேயே கழிக்க முடியுமா? ஒன்று குரைத்தால் நூறு குரைக்கும் இடத்தில் மூப்படைந்த நாய்க்கு உறக்கம் ஏது? சிமெண்டுத் தரை மூட்டுவலியை மிகுதியாக்கும். ஒரே தொட்டியில் தீனி வைத்தால் பல் விழுந்தது பின்தங்கும். ஒரு தொற்று நோய் வந்தால் குட்டிகளையும் கிழங்களையுமே முதலில் சாய்க்கும். தத்தெடுக்க வருவோர் குட்டிகளின் கூண்டருகே நிற்பார்கள். மூலையில் படுத்திருப்பது தலை தூக்கிப் பார்த்துவிட்டு மீண்டும் படுத்துக்கொள்ளும். அதற்கு இடம் கிடைக்காதவரை, அடுத்து வரும் அடிபட்ட நாய்க்கும் அங்கே இடமில்லை. ஆகவே ஒரு முதிய நாய்க்கு வீடு கிடைப்பது இரண்டு உயிர்களுக்கு இடம் கிடைப்பதாகும்.

இவ்விடத்தில் நம் வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். அண்டை மாவட்டமான திருவண்ணாமலையில் எடுத்தனூர் என்ற ஊரில் ஒரு நடுகல் கிடைத்தது. ஏழாம் நூற்றாண்டு, மகேந்திரவர்ம பல்லவன் காலத்தது. எருமைகளைக் காக்கப் போரிட்டு மாண்ட கருந்தேவக்கத்தி என்ற வீரனுக்கு எடுத்த கல் அது. அதிலே அவனுடைய நாயையும் செதுக்கி, 'கோவிவன்' என்ற அதன் பெயரையும், அது கள்வரைக் கடித்துக் காத்து நின்ற செய்தியையும் பொறித்திருக்கிறார்கள். ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பு ஒரு நாயின் பெயரைக் கல்லில் வெட்டிய நிலம் இது என்பது பெருமைக்குரியதே. ஆயினும் கவனியுங்கள்: அந்தக் கல், செய்த வேலைக்கான நன்றி. கோவிவன் கடிக்காமல், காக்காமல், கண் மங்கிக் கிடந்து இறந்திருந்தால் அதற்குக் கல் கிடைத்திருக்குமா?

இதற்கு நேர்மாறான ஒரு நாயை நம் மாவட்டத்து ஊர்கள் நன்கறியும். திரௌபதியம்மன் கோயில் விழாக்களில் பதினெட்டு நாள் பாரதம் நடக்கும் மண் இது. பாரதத்தின் முடிவில் தம்பியரும் தேவியும் வழியில் வீழ்ந்தபின் தருமனோடு கடைசி வரை நடந்தது ஒரு நாய். அது போரில் உதவியதில்லை, வேட்டையில் உதவியதில்லை, கூடவே வந்தது, அவ்வளவே. சொர்க்கத்தின் வாயிலில் "நாயை விட்டுவிட்டு வா" என்றபோது, நம்பி வந்ததை விட்டுவிட்டு வரும் சொர்க்கம் வேண்டாம் என்று நின்றான் தருமன். அந்த நாயே அறக்கடவுள் என்று கதை முடிகிறது. நடுகல் நமக்குக் கற்பிப்பது நன்றி. பாரதம் கற்பிப்பது கைவிடாமை. முதிய நாய்க்கு வேண்டியது இரண்டாவது. தருமனின் பெயரை ஊர்ப்பெயரில் தாங்கிய நாம் அதை மறக்கலாமா?

கைவிடுதல் என்பது இன்று மிக மலிவான குற்றம். வளர்த்த விலங்கைப் பசியும் தாகமும் படுமாறு கைவிடுவது 1960ஆம் ஆண்டுச் சட்டப்படி தண்டனைக்குரியது. ஆனால் முதற்குற்றத்துக்கு அபராதம் பத்து ரூபாயிலிருந்து ஐம்பது ரூபாய் வரைதான்! ஒரு தட்டு மீன் வறுவலின் விலை கூட இல்லை. வண்டியில் ஏற்றி வந்து காட்டோரத்தில் இறக்கிவிட்டுப் போவோரும் உண்டு. "பிழைத்துக்கொள்ளும்" என்று மனத்தைத் தேற்றிக்கொள்வார்கள். ஒகேனக்கல்லைச் சூழ்ந்தது யானையும் சிறுத்தையும் உலவும் காடு. இப்பகுதிக் காடுகளில் காவிரித் தெற்கு வன உயிரினச் சரணாலயம் 2022இல் அறிவிக்கப்பட்டது. வீட்டுச் சோறு தின்று முதிர்ந்த நாய் அங்கே வேட்டையாடாது, வேட்டையாடப்படும். தடுப்பூசி இல்லாத நாய் சுமந்து செல்லும் நோய் காட்டு விலங்குகளையும் தாக்கும். 1994இல் ஆப்பிரிக்காவின் செரெங்கெட்டி சமவெளியில் சிங்கங்களைக் கொன்று குவித்தது நாய்களின் நோயாகிய 'டிஸ்டெம்பர்' என்பதை உலகம் கண்டது. காட்டோரம் விடுவது நாய்க்கும் நன்மையன்று, காட்டுக்கும் நன்மையன்று.

சரி, வழி என்ன? வெளிநாடுகளில் இக்கேள்விக்கு நடைமுறை விடை கண்டிருக்கிறார்கள். அமெரிக்காவின் சான்பிரான்சிஸ்கோ நகரில் 2007இல் 'மட்வில்' என்ற அமைப்பு முதிய நாய்களுக்கென்றே தொடங்கப்பட்டது. டென்னசி மாநிலத்தில் 2012இல் தொடங்கிய 'ஓல்ட் பிரண்ட்ஸ்' என்ற அமைப்பின் முறை நமக்கு மிகப் பொருந்தும். அங்கே ஒரு குடும்பம் முதிய நாய்க்கு இறுதி வரை வீடு தருகிறது. மருத்துவச் செலவை அமைப்பு ஏற்கிறது. அன்பு ஒருவருடையது, செலவு பலருடையது. தொலைவில்தான் பார்க்க வேண்டும் என்பதில்லை. நம் இளைஞர்கள் வேலைக்குப் போகும் பெங்களூரிலேயே, ஊனமுற்ற, முதிய நாய்களைக் காக்கும் இல்லம் ஒன்று, சார்லி என்ற மூன்று கால் நாயின் பெயரைத் தாங்கி நடந்து வருகிறது.

அமெரிக்கப் பணம் நம்மிடம் இல்லை, உண்மை. ஆனால் நம்மிடம் இருப்பது என்ன? நகரத்து அடுக்குமாடியில் இல்லாத திண்ணையும் வாசலும் நம் கிராமங்களில் உண்டு. பிள்ளைகள் ஓசூருக்கும் திருப்பூருக்கும் பெங்களூருக்கும் போய்விட, தனியே இருக்கும் பெரியவர்கள் உண்டு. அவர்கள் பகல் முழுதும் வீட்டிலேயே இருப்பவர்கள். முதிய நாய்க்கு வேண்டியது ஓட்டமன்று; அருகிலே ஓர் ஆள். இருவர் தேவையும் ஒன்றாகவே இருக்கிறது.

அதிலும் முதன்மையான ஒன்றைச் சொல்வேன். முதிய தெருநாய்க்குப் புதிய வீடு தேடுமுன், ஏற்கெனவே அதற்குப் பாதி வீடு எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டும். சோறு வைக்கும் கை ஒன்று எங்கோ இருக்கத்தான் செய்கிறது. இல்லாவிட்டால் அது இத்தனை ஆண்டு உயிரோடு இருந்திராது. கண் மங்கிய நாய்க்குப் பழகிய மணமும் பழகிய குரலுமே உலகம். மீன் வறுக்கும் அந்த அம்மாளைவிட அதற்குச் சிறந்த வீட்டார் சென்னையிலும் இல்லை, சான்பிரான்சிஸ்கோவிலும் இல்லை. அவருக்கு இல்லாதது மனமன்று. ஊசியும் உறுதிமொழியும்தான். அவற்றை நாம் தர முடியாதா?

நம் நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டுதோறும் ஒரு கிராமத்தைத் தேர்ந்து முகாம் நடத்துகிறோம். அதோடு இப்பணியையும் சேர்க்கலாம் என்பது என் கருத்து. அறுபது மாணவர்கள் மாதம் பத்து ரூபாய் தந்தால் அறுநூறு ரூபாய். தடுப்பூசிக்கும் குடற்புழு மருந்துக்கும் மூட்டுவலி மாத்திரைக்கும் அதிலிருந்து தொடங்கலாம். கருத்தடைக்கும் பரிசோதனைக்கும் அரசுக் கால்நடை மருத்துவரை நாடலாம். மருத்துவரிடம் அழைத்துப் போவது ஒருவர் பொறுப்பு. மாதம் ஒருமுறை வீட்டுக்குப் போய்ப் பார்ப்பது இன்னொருவர் பொறுப்பு. வைத்திருப்பவருக்கு உடல்நலம் குன்றினால் நாயை ஏற்கும் இரண்டாம் வீடு எது என்பதையும் முன்பே எழுதி வைக்க வேண்டும். படிப்பு முடிந்து வெளியேறும் மாணவர் தம் பொறுப்பை அடுத்த ஆண்டு மாணவரிடம் ஒப்படைத்துவிட்டே செல்ல வேண்டும். ஊட்டமலை அம்மாளின் இரண்டாம் கேள்விக்கு இதுவே விடை.

இன்னொன்றும் தேவை, அது உண்மை பேசுதல். நாய்க்கு வீடு கேட்கும்போது "பாவம், யாருமில்லை" என்று மட்டும் சொன்னால் இரக்கம் கிடைக்கும், இடம் கிடைக்காது. இன்ன வயது இருக்கலாம், இந்தக் கண் தெரியாது, இரவில் ஒருமுறை வெளியே விட வேண்டும், குழந்தைகளிடம் இப்படிப் பழகும், மாதம் இவ்வளவு ஆகும், அதில் இவ்வளவு நாங்கள் தருவோம் என்று குறைகளையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மறைத்துக் கொடுத்த நாய் பத்தே நாளில் திரும்பி வரும். இரண்டாம் முறை கைவிடப்படுவது முதல் முறையைவிடக் கொடியது. முதலில் இரண்டு வாரம் வைத்துப் பார்க்கச் சொல்வதும் நன்று.

பராமரிப்பைப் பற்றி அஞ்ச வேண்டியதில்லை. பார்வையற்ற நாய் மோப்பத்தாலும் காதாலும் வீட்டை மனப்பாடம் செய்துகொள்ளும். தண்ணீர்ச் சட்டியையும் கட்டிலையும் இடம் மாற்றாமல் இருந்தால் போதும். காது கேளாததைத் தூங்கும்போது திடீரென்று தொடாமல், தரையைத் தட்டி எழுப்ப வேண்டும். மூட்டுவலி உள்ளதற்கு நாலைந்து மடிப்புச் சாக்கு மெத்தை. பல் இல்லாததற்குக் குழைந்த சோறும் முட்டையும். மீன் முள்ளும் மிளகாய்த் தூளும் வேண்டா. மிகுதியாகத் தண்ணீர் குடித்து உடல் மெலிந்தால் சிறுநீரகமோ சர்க்கரையோ என்று மருத்துவர் பார்க்க வேண்டும். நமக்கு வாங்கிய வலி மாத்திரையை அதற்குக் கொடுக்கவே கூடாது. அது நஞ்சாக முடியலாம். இவையெல்லாம் பெரிய வித்தைகள் அல்ல. பாட்டியை வைத்துப் பார்த்த வீட்டில் எவர்க்கும் தெரிந்தவையே.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் வாதத்துக்கு வருகிறேன். "மனிதனுக்கே வீடில்லாத நாட்டில் நாய்க்கு வீடா?" என்பார்கள். நியாயமான கேள்வி. ஆனால் கிழட்டு நாயைத் துரத்திவிட்டதால் எந்த ஏழைக்கும் ஒரு வீடு கூடுதலாகக் கிடைத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பயனற்ற உயிரை விலக்கலாம் என்ற மனப்பழக்கம் ஒன்று உண்டு. அது வாசலில் உள்ள நாயோடு நிற்பதில்லை. வீட்டுக்குள் இருமிக்கொண்டிருக்கும் முதியவர் வரை வந்து சேர்கிறது. அந்தப் பழக்கத்தை வாசலிலேயே நிறுத்துவது மனிதனுக்கும் நல்லதுதான்.

"துன்பப்படாமல் கருணைக்கொலை செய்துவிடலாமே" என்பாரும் உண்டு. மீட்க இயலாத நோயில் தாங்கொணா வேதனை இருக்குமானால், கால்நடை மருத்துவர் கையால் வலியின்றி விடைகொடுப்பதும் ஓர் அன்பே. விதிகளும் அதற்கு இடம் தருகின்றன. ஆனால் ஊனம் வேறு, வேதனை வேறு. ஒரு கண்ணில்லாமல், கோணற்காலோடு, உணவு கண்டு வாலாட்டும் உயிர் மரணத்தை வேண்டி நிற்கவில்லை. படுக்க ஓர் இடத்தை வேண்டி நிற்கிறது. முடிவு செய்ய வேண்டியது மருத்துவரே அன்றி நம் சலிப்பு அன்று.

எல்லோரும் ஒரு நாயை வளர்க்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டில் இடமில்லாதவர் பத்து ரூபாய் தரலாம். ரூபாய் இல்லாதவர் மாதம் ஒரு மாலை தரலாம். இரு சக்கர வண்டி உள்ளவர் மருத்துவர் வரை ஒரு பயணம் தரலாம். பேராசிரியப் பெருமக்கள் வழிகாட்டலாம். ஒரு முதிய நாய்க்கு மிச்சம் இருப்பது இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோதான். நம் பட்டப்படிப்பின் காலமும் அவ்வளவே. இந்தக் கல்லூரியில் நாம் இருக்கும் காலத்துக்குள் தொடங்கி முழுமையாக முடித்துவிடக் கூடிய அறம் இது ஒன்றாவது இருக்கட்டும். விருப்பமுள்ள நண்பர்கள் இவ்விதழைப் படித்த வாரத்திலேயே நாட்டு நலப்பணித் திட்ட அலுவலரைக் கண்டு பெயர் கொடுக்குமாறு வேண்டுகிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதிவிட்டேன்.